ஆட்டோமேட்டிக் பிக்கப்: பார்க் முதல் லோ வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்கப் ஓட்டுகிறவர்கள் ஆட்டோமேட்டிக்குக்கு மாறும்போது கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கிளட்ச் பெடல் இல்லை, டிரைவில் தள்ளினால் போகிறது, பார்க்கில் தள்ளினால் நிற்கிறது, இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். சமதரையில், காலி வண்டியில் அது கிட்டத்தட்ட சரிதான். ஆனால் பின்தொட்டியில் பாரமும், அதற்குப் பின்னால் ஒரு ட்ரெய்லரும், கீழே ஒரு சரிவும் சேர்ந்தால் அந்த லிவர் எங்கே இருக்கிறது என்பது ஆளைக் கொல்லுகிற விஷயமாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

லிவரில் இருக்கும் எழுத்துகளுக்குச் சுருக்கமாக என்ன அர்த்தம்?

பி என்றால் பார்க், கியர்பாக்ஸ் பூட்டிக்கொள்ளும். ஆர் ரிவர்ஸ். என் நியூட்ரல், இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இருக்காது, ஆனால் வண்டி பூட்டப்படவும் இல்லை, சும்மா உருளும். டி டிரைவ். அதற்குக் கீழே வண்டிக்கு வண்டி மாறும்: பழையவற்றில் 3, 2, 1 அல்லது எல் (லோ), புதியவற்றில் எம் அல்லது எஸ் என்று போட்டு பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும், கியரை நாமே கூட்டிக் குறைக்க.

இந்த வரிசை தற்செயலாக வந்ததில்லை. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ரமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தபோது அதில் பார்க் என்ற இடமே கிடையாது; இன்ஜினை அணைத்துவிட்டு ரிவர்ஸில் தள்ளினால்தான் பூட்டும். லோவும் ரிவர்ஸும் வேறு பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, முன்னால் போக நினைத்துக் கொஞ்சம் அதிகம் தள்ளிவிட்டால் வண்டி பின்னால் போகும். அமெரிக்காவில் 1968 முதல், முன்னே போகும் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும் என்று பாதுகாப்பு விதியே போட்டார்கள். நாம் இன்று யோசிக்காமல் தள்ளுகிற அந்த லிவரில் இவ்வளவு பாடம் இருக்கிறது.

பார்க்கில் போட்டால் வண்டியை எது பிடித்து வைத்திருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருகிற ஷாஃப்டில் பல் வைத்த ஒரு வளையம் இருக்கும். லிவரைப் பார்க்கில் தள்ளும்போது விரல் அளவுள்ள ஒரு இரும்புக் கொக்கி அந்த வளையத்தின் இரண்டு பற்களுக்கு நடுவில் போய் விழுகிறது, அவ்வளவுதான். சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் பேடுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வண்டியின் மொத்த எடையும் அந்தக் கொக்கியின் மேல்தான் தொங்கும். சில சமயம் கொக்கி பல்லுக்கு நடுவில் விழாமல் பல்லின் தலைமேல் உட்கார்ந்துவிடும், அப்போது வண்டி கொஞ்சம் உருண்டு அடுத்த பள்ளம் வந்த பிறகுதான் பூட்டும். பார்க்கில் போட்டுவிட்டுக் காலை எடுத்ததும் வண்டி ஒரு சாண் நகர்ந்து "டக்" என்று நிற்கிறதே, அந்த ஒரு சாணில் நடப்பது இதுதான்.

எடைக் கணக்கையும் பாருங்கள். 100 மீட்டர் போனால் 15 மீட்டர் ஏறுகிற ஒரு சரிவில் 2,500 கிலோ பிக்கப் நிற்கிறது என்றால், அதைக் கீழே இழுக்கிற விசை கிட்டத்தட்ட 370 கிலோ எடைக்குச் சமம். அதே எடையில் ஒரு ட்ரெய்லரும் மாட்டியிருந்தால் 740 கிலோ. இதை ஒரு கொக்கியிடம் ஒப்படைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

அப்படியானால் சரிவில் எந்த வரிசையில் நிறுத்த வேண்டும்?

கால் பிரேக்கை மிதித்து வண்டியை முழுதாக நிறுத்துங்கள். காலை எடுக்காமல் நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள், கையால் இழுப்பதோ, இடது காலால் மிதிப்பதோ, பட்டனோ, உங்கள் வண்டியில் எதுவோ அது. இப்போது கால் பிரேக்கை மெதுவாகத் தளர்த்துங்கள், வண்டி லேசாக நகர்ந்து பார்க்கிங் பிரேக்கின் மேல் சாய்ந்து நிற்பது இருக்கையிலேயே தெரியும். நின்றுவிட்டது என்று உறுதியானதும் மறுபடி பிரேக்கை மிதித்துப் பார்க்கில் தள்ளி, இன்ஜினை அணையுங்கள். எடையைச் சக்கரத்துப் பிரேக் தாங்கும், கொக்கி வெறும் காவலுக்கு இருக்கும்.

முன்சக்கரத்தையும் திருப்பி வையுங்கள். இறக்கம் பார்த்து நின்றால் சாலையோரத்துக் கட்டைப் பக்கம் திருப்ப வேண்டும். ஏற்றம் பார்த்து நின்று, ஓரத்தில் கட்டையும் இருந்தால், அதற்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். பின்னால் உருண்டாலும் டயர் கட்டையில் முட்டி நின்றுவிடும். கட்டையே இல்லாத சாலை என்றால் ஏற்றமோ இறக்கமோ எப்போதும் ஓரத்தைப் பார்த்து, அப்போதுதான் நழுவினாலும் வண்டி நடுரோட்டுக்கு வராது. ட்ரெய்லர் மாட்டியிருந்தால் சக்கரத்துக்குக் கட்டை போடாமல் இறங்கவே இறங்காதீர்கள்.

சரிவில் நிறுத்திவிட்டுப் பார்க்கிலிருந்து எடுக்கும்போது "டங்" என்று பெரிய சத்தம் வருகிறது, லிவரும் முறுக்குகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் கெடவில்லை. பார்க்கிங் பிரேக் போடாமல், அல்லது பார்க்கில் தள்ளிய பிறகு போட்டதால், எடை முழுவதும் கொக்கியில் ஏறி அது பற்களுக்கு நடுவில் இறுகிப்போயிருக்கிறது. அதைப் பிடுங்கும்போது வருகிற சத்தம்தான் அது. ஒருமுறை நடந்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் தினமும் அதே இடத்தில் அப்படி நிறுத்தினால் கொக்கியும் அதைத் தள்ளுகிற கம்பியும் தேயும். லிவர் அசையவே மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருங்கள், இன்னொரு வண்டியை வைத்து மேட்டுப் பக்கமாக ஒரு சின்ன இழுப்போ தள்ளலோ கொடுத்தால் கொக்கியின் மேல் இருக்கிற பாரம் குறையும், லிவர் தானாக வந்துவிடும். அந்த நேரத்தில் வண்டியின் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடம் இறங்கி வரலாமா? கேட் திறக்க, கயிறு சரிபார்க்க?

இறங்காதீர்கள். நான் ஒருமுறை இறங்கினேன், அதனால்தான் சொல்கிறேன்.

பின்தொட்டி நிறைய மரப்பலகை, ஒரு கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, லிவரை மேலே தள்ளிவிட்டு இறங்கினேன். பார்க் வரை போய்விட்டது என்றுதான் கை சொன்னது. வண்டி அசையவில்லை. கேட்டின் கொண்டியில் கை வைத்த பிறகுதான் முதுகுக்குப் பின்னால் சரளைக்கல் நொறுங்குகிற சத்தம், மெதுவாக, ஒவ்வொரு கல்லாக. திரும்பிப் பார்த்தால் பம்பர் என் முழங்காலிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தது. லிவர் நியூட்ரலில் நின்றிருக்கிறது, தரை கேட்டுப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறது, வண்டி உருள ஆரம்பிக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் தாவியதால் தப்பித்தேன். கேட் மடங்கிப்போனது.

இதில் இன்னும் மோசமான வகை ஒன்று உண்டு. லிவர் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது, கதவைச் சாத்துகிற அதிர்விலோ, இன்ஜின் துடிப்பிலோ லிவர் நழுவி ரிவர்ஸில் விழும், வண்டி தன் சொந்தச் சக்தியில் பின்னால் வரும். குளிர்ந்த இன்ஜின் என்றால் ஐட்லிங்கும் அதிகமாக இருக்கும், இன்னும் வேகமாகவே வரும். அதனால் ஒரு நொடி வேலையாக இருந்தாலும் பார்க்கிங் பிரேக், பார்க், இன்ஜின் அணைப்பு, மூன்றையும் செய்துவிட்டு இறங்குங்கள். உருளும் வண்டியை ஓடிப்போய்ப் பிடிக்கவோ, முன்னால் நின்று தாங்கவோ மட்டும் முயலாதீர்கள். கேட்டை மாற்றிக்கொள்ளலாம்.

என் வண்டியில் லிவரே இல்லை, திருகும் குமிழ் இருக்கிறது. இன்னொரு வண்டியில் லிவரைத் தள்ளினால் மறுபடி நடுவுக்கே வந்துவிடுகிறது. இவற்றில் என்ன கவனிக்க வேண்டும்?

பழைய லிவரில் எந்தக் கியர் என்று கையே சொல்லிவிடும். குமிழிலும், நடுவுக்குத் திரும்பும் லிவரிலும் கைக்கு அது தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். 2016-இல் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம், இப்படி நடுவுக்குத் திரும்பும் லிவர் வைத்த சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பார்க்கில் போட்டுவிட்டதாக நினைத்து ஓட்டுநர்கள் இறங்கினார்கள், வண்டி உருண்டது. அவர்கள் எல்லோரும் கவனக்குறைவானவர்கள் என்று நான் நினைக்கவில்லை, பல ஆண்டுகள் பழகிய கை ஏமாந்துபோனது.

டேஷ்போர்டில் பி என்ற எழுத்து ஒளிர்கிறதா என்று பார்த்த பிறகுதான் சீட் பெல்ட்டைக் கழற்றுவது, இதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் தானாகப் பார்க்குக்குப் போகிற வசதி சில வண்டிகளில் இருக்கிறது, இருக்கட்டும், அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஸ்டியரிங் பக்கத்தில் லிவர் இருக்கிற பிக்கப்பில் ஒரு தனித் தொல்லை: வைப்பர் தண்டையும் கியர் தண்டையும் கை மாற்றிப் பிடிக்கும். புது வண்டி என்றால் முதல் நாள் நின்ற நிலையிலேயே பத்து தடவை கியர் மாற்றிப் பழகிவிட்டுச் சாலைக்குப் போங்கள்.

பஞ்சர் ஆனால் பார்க்கில் போட்டுவிட்டு ஜாக்கி வைத்தால் போதாதா?

போதாது, இது நிறைய பேருக்குத் தெரியாத ஆபத்து. கொக்கி பூட்டுவது கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற ஷாஃப்டை மட்டும்தான். அதற்கப்புறம், அந்தச் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும், சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பின்சக்கரம் முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்ற முடியும். இரண்டு டயரும் தரையில் இருக்கும்வரை அது நடக்காது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் காற்றில் சுதந்திரமாகச் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் எதிர்ப்பக்கமாக உருளும், பார்க்கில் இருக்கும்போதே வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும்.

பார்க்கிங் பிரேக் இரண்டு பின்சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிப்பதால் அது காப்பாற்றும். அதோடு, தூக்கப்போகிற சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். சமதரைக்கு வண்டியைக் கொண்டுபோன பிறகுதான் ஜாக்கியையே எடுக்க வேண்டும், கீழே படுப்பது ஜாக்கியை நம்பி ஒருபோதும் கூடாது.

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் பார்க்கில் இருந்தும் உருண்டது என்கிறார்கள். அது எப்படி?

ஃபோர் வீல் வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. டூ ஹை (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்), ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும்), ஃபோர் லோ (நாலும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும்) என்று மாற்றுவது அதில்தான். பலவற்றில் அதற்கென்று தனியாக ஒரு நியூட்ரலும் உண்டு. கொக்கி இருப்பது அதற்கு முன்னால், கியர்பாக்ஸில். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கொக்கிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது, நீங்கள் பார்க்கில் எவ்வளவு அழுத்திப் போட்டாலும் வண்டி உருளும். ஃபோர் லோவிலிருந்து டூ ஹைக்கு வரும்போது மாற்றம் பாதியில் நின்றாலும் இதே கதைதான். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் மாற்றம் முடியவில்லை என்று அர்த்தம், அது நிலையாக எரிகிற வரை காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காதீர்கள்.

ஃபோர் லோவுக்கு மாற்றும் முறை: பெரும்பாலான பிக்கப்களில் வண்டி நிற்க வேண்டும் அல்லது ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சரியான வேகம் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் சாதாரண பார்ட் டைம் (தேவைப்படும்போது மட்டும் போடுகிற) ஃபோர் வீலைப் போட்டு ஓட்டாதீர்கள், திருப்பங்களில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போவதால் உள்ளே முறுக்கேறிவிடும்.

ஈரமான சரிவில் படகு இறக்கும்போது ஏன் வண்டிகள் தண்ணீருக்குள் போகின்றன?

பார்க்கும், பார்க்கிங் பிரேக்கும் இரண்டும் பின்சக்கரத்தில்தான் வேலை செய்கின்றன. படகு இறக்கும் சரிவில் பின்சக்கரம் இருப்பது பாசி படிந்த ஈரத்தில். சக்கரம் சுற்றாமல் பூட்டியபடியே வழுக்கிக்கொண்டு போகும், முன்சக்கரம் சும்மா கூடவே உருளும். ஃபோர் வீல் இருந்தால் நிறுத்தும்போதே ஃபோர் ஹையிலோ ஃபோர் லோவிலோ போட்டுவிடுங்கள், அப்போது பார்க் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும், முன்சக்கரம் பெரும்பாலும் காய்ந்த தரையில் இருக்கும். டூ வீல் வண்டி என்றால் முன்சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போட ஒரு ஆள் கூட இருக்க வேண்டும், வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. டிரைவிலேயே வைத்துப் பிரேக்கை மிதித்திருங்கள். ரொம்ப நேரம் நிற்கப் போகிறது என்றால் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு நியூட்ரலில் வைக்கலாம், தப்பில்லை. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: நியூட்ரலில் இருப்பதை மறந்து ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள், இன்ஜின் அலறும், அந்த அலறலிலேயே டிரைவில் தள்ளுவார்கள். பார வண்டியில் அந்த ஒரு அடி கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகள்மேல் விழும், முன்னால் நிற்கிற வண்டிமேலும் விழலாம். மறந்துவிட்டீர்கள் என்றால் முதலில் ஆக்சிலரேட்டரை விடுங்கள், பிரேக்கை மிதியுங்கள், இன்ஜின் அடங்கட்டும், அப்புறம் டிரைவ்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகுமே?

இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் நேர்மாறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரமே இன்ஜினைச் சுற்றும், கம்ப்யூட்டர் எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், இன்ஜின் வண்டியைப் பிடிப்பது அறவே போய்விடும், எல்லாச் சூடும் பிரேக்குக்கே போகும். நீளமான இறக்கத்தில் பாரத்தோடு நியூட்ரலில் இறங்காதீர்கள், யார் என்ன மிச்சம் சொன்னாலும்.

லோ, 2, 3, மேனுவல் கூட்டல் கழித்தல், பாரம் இழுப்பதற்கான டோ/ஹால் பட்டன், இவற்றை எப்போது தொட வேண்டும்?

இறக்கம் தொடங்குவதற்கு முன்னால். பாதி இறங்கி, பிரேக் வாடை வந்த பிறகு தேடுவது தாமதம்.

டிரைவில் விட்டால் கியர்பாக்ஸ் எப்போதும் மேல் கியருக்குப் போகவே பார்க்கும். மேல் கியரில் இன்ஜினுக்கு வண்டியைப் பிடித்து இழுக்கிற பலம் குறைவு, அதனால் பார வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போகும், நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே போவீர்கள். பிரேக் ஆயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயிலுக்கு, ஈரம் உறிஞ்சிய நிலையில் குறைந்தபட்சக் கொதிநிலையாக விதி கேட்பது 140 டிகிரி செல்சியஸ்தான். தொடர்ந்து மிதித்தபடி இறங்கும் வண்டியின் பிரேக்கில் அந்தச் சூடு ஒன்றும் பெரிதில்லை. ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும், வண்டி நிற்காது.

அதனால் மேட்டின் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கியரையும் குறைத்துவிடுங்கள். எந்தக் கியர்? இதே மேட்டை இதே பாரத்தோடு ஏறியிருந்தால் எதில் ஏறுமோ, அதில் அல்லது அதற்கும் ஒன்று கீழே. பிரேக்கைத் தொடாமலே வேகம் ஏறாமல் நின்றால் சரியான கியர். மெதுவாக ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஒன்று குறையுங்கள். அப்படியும் பிரேக் தேவைப்பட்டால் தேய்த்தபடி மிதிக்காமல், 50-இல் இறங்க நினைக்கிறீர்கள் என்றால் 50 வந்ததும் உறுதியாக மிதித்து 40-க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி 50 வரும்வரை பிரேக் ஆறும். இன்ஜின் சத்தம் கூடும், 3,000, 4,000 சுற்று போகும், சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அது இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்து மறுபடி டிரைவுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து போகாதீர்கள்.

டீசல் ஓட்டுகிறவர்களுக்கு: டீசல் இன்ஜின் இயல்பாகவே பெட்ரோல் அளவுக்கு வண்டியைப் பிடிக்காது. அதனால்தான் பெரிய டீசல் பிக்கப்களில், புகை போகும் வழியை அடைத்து இன்ஜினை வண்டியைப் பிடிக்க வைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். இருந்தால் பயன்படுத்துங்கள்.

டோ/ஹால் பட்டன் கியர் மாறும் நேரத்தைத் தள்ளிப்போடும், ஏற்றத்தில் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருப்பதைக் குறைக்கும், பல வண்டிகளில் இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் தானாக ஒரு கியர் குறைக்கும். பழைய வண்டியில் ஓவர்டிரைவ் ஆஃப் என்ற பட்டன் மேல் கியரை மட்டும் தடுக்கும், ட்ரெய்லர் இழுக்கும்போது அதை அழுத்திவிடுவது நல்லது. இரண்டு கியருக்கு நடுவே ஓயாமல் மாறிக்கொண்டிருந்தால் கியர்பாக்ஸ் ஆயில்தான் சூடாகும்.

ஒரு எச்சரிக்கை. மேனுவலில் 4 என்று காட்டினால் சில வண்டிகளில் நாலாவது கியரிலேயே நிற்கும், சிலவற்றில் நாலு வரை மட்டும் போகலாம் என்று அர்த்தம், கீழே தானாக மாறும். உங்களுடையது எது என்று சமதரையில் ஓட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஈரச் சாலையில், பின்தொட்டி காலியாக இருக்கும்போது ஒரே அடியாக இரண்டு கியர் குறைக்காதீர்கள். காலி பிக்கப்புக்குப் பின்பக்கம் எடையே இருக்காது, பின்சக்கரம் வழுக்கி வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும்.

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிற டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் சுழன்று சுழன்று சூடாகிறது, அந்தச் சக்தி எங்கேயும் போவதில்லை. பிரேக்கில் நிறுத்துங்கள்.

பின்னால் உருளும்போதே டிரைவுக்கு, முன்னால் உருளும்போதே ரிவர்ஸுக்கு மாற்றலாமா? சேற்றில் மாட்டினால் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டுமே?

சாதாரணமாக, முழுதாக நின்ற பிறகுதான். உருளும் வண்டியின் எடையை நிறுத்தித் திருப்புகிற வேலையைப் பிரேக் செய்ய வேண்டும், கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டு செய்யக் கூடாது. வண்டியைத் திருப்பும்போது அவசரத்தில் எல்லோரும் செய்கிற தவறு இது, இரண்டு நொடி கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

சேற்றில் ஆட்டுவது வேறு. செய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சக்கரம் சுற்றுவது நின்ற பிறகு மாற்றுங்கள், மிக லேசாக மிதியுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அசையாமல் நிற்க மற்றது சுற்றினால், ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். 50 காட்டினால் அந்தச் சக்கரம் 100-இல் சுற்றுகிறது. டயர் வெடிக்கும், பக்கத்தில் நின்று தள்ளுகிறவர்மேல்தான் வெடிக்கும். நாலைந்து முறை ஆட்டியும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸை ஆறவிட்டு, டயருக்கு முன்னால் மண்ணை வெட்டுங்கள்.

ஓடும்போது தவறிப் பார்க்கில் தட்டிவிட்டால்?

வேகத்தில் கொக்கி உள்ளே போகாமல் பற்களின் மேல் "கரகரகர" என்று துள்ளும்படிதான் பல கியர்பாக்ஸ்களில் அமைத்திருப்பார்கள். ஆனால் நடக்கிற வேகத்துக்கு வந்ததும் விழுந்துவிடும், பின்சக்கரம் பூட்டும், கொக்கி உடையவும் செய்யும். மின்சார லிவர் இருக்கிற வண்டிகள் அந்தக் கட்டளையை மறுத்துவிடும் அல்லது நியூட்ரலுக்குப் போகும். தட்டிவிட்டீர்கள் என்றால் உடனே நியூட்ரலுக்கு இழுத்து, பிரேக்கில் நிறுத்துங்கள். அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டுவிட்டால், சரிவில் பார்க் பிடிக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

லிவர் பார்க்கிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது, சமதரையில்தான் இருக்கிறேன்.

பிரேக்கை மிதித்தால்தான் லிவர் விடுபடும்படி ஒரு பூட்டு இருக்கிறது. முதலில் சாவி ஆனில் இருக்கிறதா பாருங்கள். அடுத்து, ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்ச்சோ ஃபியூஸோ போயிருக்கிறது, பல வண்டிகளில் அந்த சுவிட்ச்தான் இந்தப் பூட்டுக்கும் தகவல் கொடுக்கிறது. லிவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடியைக் கிளப்பினால், உள்ளே ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி விடுவிக்கிற வழி பல மாடல்களில் உண்டு. பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். அப்படி எடுத்துவிட்டீர்கள் என்றால் நேராகப் பட்டறைக்குப் போங்கள், பிரேக் லைட் இல்லாத வண்டி அது.

மாறாக, டிரைவில் இருக்கும்போதே இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா? பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும்தான் ஆக வேண்டும். டிரைவிலும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் அது அன்றே சரிசெய்ய வேண்டிய பழுது.

ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டு வண்டி பாய்ந்தால் எந்தக் கியர்?

நியூட்ரல். பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்து அப்படியே பிடியுங்கள், விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் தீர்ந்துபோய்ப் பெடல் கல்லாகிவிடும். லிவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் காதைப் பிளக்கும், பிளக்கட்டும், வண்டிக்கு இழுவை போய்விட்டது. ஓரமாக நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். ஓடும்போதே சாவியை முழுதாகத் திருப்பிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. மிதியடி பெடலுக்கு அடியில் போகிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

வழியில் நின்றுவிட்டால் நியூட்ரலில் போட்டுக் கட்டி இழுத்துப் போகலாமா?

கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றிவிடுகிற பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் அணைந்து பின்சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே ஆயில் போகாமல் உலர்ந்து தேயும். வண்டியை முழுதாகத் தூக்கி ஏற்றிப் போகிற லாரியைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் பின்ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் போட்டு இழுக்கலாம் என்று கையேடே சொல்லும் மாடல்களுக்கு மட்டும் விலக்கு.

ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா போதாதா?

பின்தட்டி இறக்கியிருந்தால் அதில் இருக்கிற கேமரா தரையைத்தான் காட்டும். பிக்கப்பின் பின்தொட்டி உயரம், அதற்குப் பின்னால் ஒரு குழந்தை நின்றால் கண்ணாடியிலும் தெரியாது. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு ஏறுங்கள்.

இன்னொன்று. பார்க்கிலிருந்து டிரைவுக்கு வரும்போது லிவர் ரிவர்ஸைக் கடந்துதான் வரும், அந்த ஒரு கணம் பின்விளக்கு வெள்ளையாக மின்னும், ட்ரெய்லர் கொக்கியில் குனிந்து வேலை செய்கிறவருக்கு வண்டி தன்மேல் வரப் போகிறதா இல்லையா என்று தெரியாது. பின்னால் ஆள் இருக்கும்வரை லிவரையே தொடாதீர்கள். ட்ரெய்லர் மாட்டும்போது நாங்கள் வைத்திருக்கிற ஏற்பாடு, கொக்கியில் கை வைக்கப் போகிறவர் வண்டியின் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் குனிவார், வேலை முடிந்து அவர் எழுந்து வந்து சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்.